ஸ்பானியப் பாடகர் கமரோனின் 'லா லெயெண்டா தெல் தியெம்போ' எல்பி இசைத்தட்டை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் வாங்கியதும் முதல் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். தட்டைத் திருப்பிப் போட்டு, இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஊசியை வையுங்கள். அது ஒரு தாலாட்டு. ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் நாடகத்தில் வரும் வரிகள், தண்ணீர் குடிக்க மறுக்கும் பெரிய குதிரையைப் பற்றியவை. பின்னணியில் குவால்பெர்த்தோ வாசிக்கும் சித்தார். கிதாரோடு பாடும் தென் ஸ்பெயின் இசையான ஃபிளமெங்கோவில் சித்தாரா என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் கமரோன் பாட ஆரம்பித்துவிடுகிறார், அப்புறம் அந்தக் கேள்வியே எழுவதில்லை. மேலே போகும்போது குரல் கிழிந்துவிடும்போல இருக்கும், கிழியாது. ஒரே உயிரெழுத்தைப் பிடித்து இழைத்து இழைத்துக் கீழே இறக்கி, கடைசியில் மூச்சாகவே விட்டுவிடுவார். நான் இதை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

இயற்பெயர் ஹோசே மோன்ஹே குருஸ். 1950 டிசம்பரில் ஸ்பெயினின் தென்கோடியில், காதிஸ் பக்கத்துச் சான் ஃபெர்னாண்டோவில் பிறந்தவர். ஜிப்சி குடும்பம், அப்பா கொல்லர், அம்மா கூடை முடைபவர், பாட்டும் அம்மாவிடமிருந்து வந்ததுதான். ஒல்லி உடம்பும் வெளிர்நிற முடியுமாக இருந்த பையனுக்கு மாமா வைத்த பட்டப்பெயர் கமரோன், அதாவது இறால். ஊரைத் தீவு என்று சொல்வது வழக்கம் என்பதால் தீவின் இறால், கமரோன் தே லா இஸ்லா. சின்ன வயதிலேயே ஊர் விடுதியில் பாடி, பிறகு மாட்ரிட் போய், 1969லிருந்து 1977 வரை கிதார் மேதை பாக்கோ தே லூசியாவோடு 9 தட்டுகள் போட்டார். ஸ்பெயின் முழுக்க ஜிப்சி வீடுகளில் அவரைக் கொண்டாடினார்கள்.

அப்படிப்பட்டவர் 1979இல் இதைப் போட்டதும் அதே ஜனங்கள் கடைக்குப் போய், இது கமரோனே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்களாம். டிரம்ஸ், எலெக்ட்ரிக் பேஸ், கீபோர்டு எல்லாம் இருக்கிறது. பாக்கோ இல்லை, அவர் இடத்தில் 20 வயதைத் தாண்டியிராத கிதார்காரர் தொமத்தித்தோ. தயாரித்தவர் ரிகார்தோ பச்சோன். கமரோன் உயிரோடு இருந்தவரை 6,000 பிரதிகள்கூடப் போகவில்லை என்பார்கள்.

எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஆனால் அவர்கள் வாத்தியத்தைத்தான் கேட்டார்கள், குரலைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாவது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், புலேரியாஸ் என்கிற வேகமான ஃபிளமெங்கோ தாள வகை. 12 அடிச் சுற்று, அழுத்தம் விழுவது 12, 3, 6, 8, 10ஆம் அடிகளில். கையில் தட்டிப் பாருங்கள், முதலில் மூன்று மூன்றாகவும் பிறகு இரண்டு இரண்டாகவும் நடை மாறும். சுற்றிலும் எவ்வளவு சத்தம் வந்தாலும் கமரோன் அந்தக் கணக்கிலிருந்து இம்மிகூட விலகவில்லை, அடிக்கு ஒரு நூல் பின்னால் நின்று, விட்டுவிட்டாரோ என்று நாம் பதறும்போது சரியாக வந்து விழுகிறார். கொல்லுப்பட்டறை வீட்டில் பிறந்து வளர்ந்த கணக்கு அது.

குறை இல்லாமல் இல்லை. முதல் பாட்டின் கீபோர்டு ஓசைக்கு வயதாகிவிட்டது. கீக்கோ வெனேனோ எழுதிய ரும்பா வகைப் பாட்டு, 'வொலாந்தோ வோய்', எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கு மட்டும் நாலு தடவைக்கு மேல் ஓடவில்லை. நான் ஆன்லைனில் வாங்கியது மூலை மடங்கி வந்தது, தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அட்டையில் கறுப்பு வெள்ளைப் படம், தாடியும் சிகரெட் புகையுமாக. 1992 ஜூலை 2ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயில் போனார், வயது 41. தெரிந்துகொண்ட பிறகு அந்த அட்டையைக் கையில் எடுப்பது கஷ்டமாக இருக்கிறது.

பழைய பாணிதான் வேண்டும் என்பவர்கள் பாக்கோவோடு 1972இல் போட்ட 'கனஸ்தேரா'வை முதலில் வாங்குங்கள். அந்தப் பெயருக்குக் கூடை முடைபவள் என்று அர்த்தம்.