கோட்டையா ஸ்ரீபுரமா, ஏலகிரியா ஜவ்வாதா: வேலூர் வந்தவர் எதைப் பார்ப்பது?

வேலூருக்குச் சுற்றிப் பார்க்கவென்றே கிளம்பி வருபவர்கள் குறைவு. வெளியூர்க்காரர்களில் பெரும்பகுதி சிஎம்சி மருத்துவமனைக்காக வருகிறவர்கள். கொல்கத்தா, அசாம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து காட்பாடியில் இறங்கி, காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ் எடுத்துத் தங்குகிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கும் அதன் ரிப்போர்ட்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு நாள் சும்மா கிடக்கும். நோயாளிக்குத் துணையாக வந்தவர் அந்த நாளில் எங்காவது போய் வந்தால் மனசுக்கு நல்லது. ஆனால் எங்கே போவது?

ஆட்டோக்காரரிடம் கேட்டால் "கோல்டன் டெம்பிள் போலாமா சார்?" என்பார். டிராவல்ஸில் கேட்டால் "ஏலகிரி" என்பார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனாலும் அவற்றைவிட அதிகம் தரக்கூடிய இடங்களைத் தாண்டித்தான் அங்கே போகிறோம் என்பது வட ஆற்காட்டுக்காரனான என் உறுதியான எண்ணம். எதிரெதிராக வைத்துப் பார்த்தால் அது விளங்கும்.

அரை நாள் கிடைத்தால்

ஸ்ரீபுரம் பொற்கோயில் ஊருக்குத் தெற்கே திருமலைக்கோடியில் இருக்கிறது. 2007இல் குடமுழுக்கு நடந்தது. மகாலட்சுமி நாராயணிக்கான கோயில். கருவறையையும் அர்த்த மண்டபத்தையும் மூட சுமார் 1,500 கிலோ தங்கம் பயன்பட்டதாகச் சொல்லப்படுகிறது. தங்கத் தகடுகளில் உள்ள வேலைப்பாடு முழுக்கக் கைவேலை, அதைக் கிட்டே நின்று பார்த்தால் அசந்துவிடுவீர்கள். கோயிலுக்குப் போகும் பாதை நட்சத்திர வடிவில் வளைந்து வளைந்து கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீள்கிறது. இருபுறமும் மரமும் புல்வெளியுமாகச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். செல்போனை வெளியிலேயே கொடுத்துவிட வேண்டும், உடையும் மரியாதையாக இருக்க வேண்டும். விளக்குப் போட்ட பிறகுதான் தங்கத்தின் அழகு முழுதாகத் தெரியும் என்பதால் சாயங்காலம் போவதே சரி. விடுமுறை நாளில் மட்டும் வேண்டாம், நகரவே முடியாது.

கோட்டைக்கு ஆட்டோகூட வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே போய்விடலாம். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் கீழிருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்துக் கோட்டை இது. பரப்பு 133 ஏக்கர், சுற்றிலும் அகழி. பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், நவாபு, ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே இருந்தாலும் மதில் இன்றும் உறுதியாக நிற்கிறது. உள்ளே கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் இருக்கின்றன.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்று உண்டு. அதில் கடைசிக் குறை 1981இல் தீர்ந்தது. பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை ஊர் மக்கள் அந்த ஆண்டுதான் கொண்டுவந்து வைத்தார்கள். இன்று பிரதோஷத்தன்று அங்கே கால் வைக்க இடமிருக்காது. உள்ளே நுழைந்ததும் வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பாமல் நேராகச் சாமி கும்பிடப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்யாதீர்கள், முதலில் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். பாயும் குதிரைகளும் யாளிகளும் ஒரே கல்லில் தூணோடு சேர்த்துச் செதுக்கப்பட்டவை. குதிரையின் கடிவாளத்தையும் வீரனின் இடைக்கச்சையையும் பாருங்கள். அப்புறம் கழுத்தை நிமிர்த்தி விதானத்தையும் பார்க்க வேண்டும், பூவைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள் அங்கே இருக்கின்றன. இந்த மண்டபத்தை அப்படியே பெயர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுபோக ஆங்கிலேயர் திட்டமிட்டதாக ஊரில் சொல்வார்கள். பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும்.

ஆனால் கோட்டையைக் கோட்டையாக ஆக்குவது 1806 ஜூலை 10. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் மதராஸ் ராணுவத்தில் புது உத்தரவு வந்தது. சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, தாடி எடுக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புது மாதிரித் தொப்பி போட வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி. அன்று கோட்டைக்குள் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருந்தார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு குடும்பத்தோடு இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். திப்பு மகள் ஒருத்திக்குக் கோட்டையில் கல்யாணம் நடந்ததற்கு மறுநாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள் செத்தார்கள், கோட்டை உச்சியில் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டில் இருந்த குதிரைப் படைக்குச் செய்தி போனதும் அதன் தளபதி கில்லெஸ்பி பாய்ந்து வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டான். அதற்குப் பிறகு நடந்தது படுகொலை. நூற்றுக்கணக்கான சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டும் பீரங்கி வாயில் கட்டியும் கொன்றார்கள். மதராஸ் கவர்னர் வில்லியம் பெண்டிங்க் அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். 1857க்கு 51 ஆண்டுகள் முன்னால் இத்தனையும் இந்த மதிலுக்குள் நடந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு மதில் மேல் நடந்தால் கோட்டை வேறு மாதிரித் தெரியும்.

கொல்கத்தாவிலிருந்து வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. புரட்சிக்குப் பிறகு திப்புவின் குடும்பத்தை இங்கிருந்து கொல்கத்தாவுக்குத்தான் அனுப்பினார்கள். தர்மதல்லா முனையில் இருக்கும் திப்பு சுல்தான் மசூதியைக் கட்டியது திப்புவின் கடைசி மகன் குலாம் முகம்மது. வாழ்நாளெல்லாம் பார்த்து வளர்ந்த மசூதியின் கதை வேலூரில் தொடங்குகிறது என்று கேட்டதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழரோ சிங்களரோ வந்தால் அவர்களுக்கும் இங்கே ஒரு தொடர்பு இருக்கிறது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் நாடு கடத்தப்பட்டுக் கைதியாக இந்தக் கோட்டையில் இருந்து 1832இல் இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுடைய சமாதியை முத்து மண்டபம் என்ற பெயரில் பாதுகாக்கிறார்கள்.

கோட்டையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் பலகைகள் இந்தக் கதையில் கால் பங்குகூடச் சொல்வதில்லை. அகழியில் குப்பை மிதக்கும் நாட்களும் உண்டு. மத்தியானம் கோயில் நடை சாத்திவிடும், நிழலும் அதிகம் கிடையாது. சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் மதிலில் ஏறுவது வீண் வம்பு.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு கோட்டைக்கே. வயதான அம்மா ஸ்ரீபுரம் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டால் அது வேறு கணக்கு, அவர்களைக் கூட்டிப்போங்கள். காலையில் கோட்டை, சாயங்காலம் ஸ்ரீபுரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே நாளில் முடியும்.

முழு நாள் கிடைத்தால்

ஏலகிரிக்குப் போவது சுலபம். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி, திருப்பத்தூர் சாலையில் பொன்னேரியிலிருந்து மலைப்பாதை தொடங்கும். ரயிலில் போனால் ஜோலார்பேட்டையில் இறங்கி பஸ் பிடிக்கலாம். மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், பாரி என்று புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் ஒவ்வொரு பலகையையும் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வருவார்கள். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் புங்கனூர் ஏரி, படகு, பூங்கா, எல்லா விலையிலும் ரிசார்ட்டுகள். நடக்கத் தெம்பிருந்தால் மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறலாம், ஏலகிரியில் எனக்குப் பிடித்தது அந்த ஏற்றம்தான். ஊட்டிக் குளிரை எதிர்பார்த்துப் போகாதீர்கள், மே மாதப் பகலில் மலைமேலும் வேர்க்கும். சனி, ஞாயிறு என்றால் பெங்களூரும் சென்னையும் அங்கேதான் இருக்கும். ஏரியைச் சுற்றி வந்ததும் அடுத்து என்ன என்ற கேள்வி வந்துவிடுகிறது, அதற்கு ஏலகிரியிடம் பெரிய பதில் இல்லை.

ஜவ்வாது மலை அப்படியில்லை. ஒரு நாளில் முடிக்கவே முடியாத அளவுக்குப் பரந்து கிடக்கும் மலைத்தொடர். போளூர் வழியாகவோ ஆலங்காயம் வழியாகவோ ஜமுனாமரத்தூருக்கு ஏறலாம். செய்யாறும் நாகநதியும் பிறப்பது இங்கேதான். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள் வழியெல்லாம் இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று அவர்களிடையே ஒரு மரபுக் கதை உண்டு. சாமை விளைகிறது, புளி, பலா, தேன் எல்லாம் கிடைக்கும். மலையில் வாங்கிய சாமையில் பொங்கல் வைத்துப் பாருங்கள், கடைப் பாக்கெட் சாமை பக்கத்தில் நிற்காது. பீமன் அருவி ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்ச்செப்பிலி அருகே பெருங்கற்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த ஈமச் சின்னங்கள் அவை.

இவற்றோடு காவலூர் வேறு. மலையின் மேற்குப் பக்கம், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஊர். நகர வெளிச்சம் எட்டாத இடம், பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் தென்வானத்தையும் நன்றாகப் பார்க்க முடியும் என்று 1960களின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். வியாழனின் துணைக்கோள் கானிமீடுக்கு வளிமண்டலம் இருக்கும் தடயம் 1972இல் இங்கே கிடைத்தது. 1977இல் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள். இந்தியாவிலேயே உருவான 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இலிருந்து இயங்குகிறது. இங்கே 1988இல் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம், வானம் தெளிவாக இருந்தால் இருட்டிய பிறகு சிறிய தொலைநோக்கி வழியாகக் காட்டுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொண்டு போங்கள். படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், ஏலகிரிப் படகுச் சவாரியை விட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளையைக் காவலூருக்குக் கூட்டிப்போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

ஜவ்வாதில் வசதி குறைவு என்பது உண்மை. பஸ் எப்போதாவதுதான். சாப்பாட்டுக்கும் தங்கவும் ஏலகிரியில் இருக்கும் தேர்வுகள் இங்கே கிடையாது. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இல்லாமல் ஒரே நாளில் போய்த் திரும்புவது கஷ்டம். இன்னொன்றும் உண்டு. அருவியில் தண்ணீர் வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் போக வேண்டும், அப்போது வானம் மூடிக் கிடக்கும். நட்சத்திரம் பார்க்கத் தை முதல் பங்குனி வரை நல்ல காலம், அப்போது அருவி மெலிந்துவிடும். இரண்டையும் ஒரே பயணத்தில் எதிர்பார்க்காமல் எது வேண்டுமென்று முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். நோயாளியையும் கூட்டிப்போவதாக இருந்தால் பேச்சே இல்லை, ஏலகிரிதான். சாலை நன்றாக இருக்கிறது, அவசரம் என்றால் சீக்கிரம் இறங்கிவிடலாம். திரும்பும்போது ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்பதும் ஏலகிரி வழிக்குச் சாதகமான விஷயம்.

படியேறும் ஆசை இருந்தால்

சோளிங்கரை எல்லோருக்கும் தெரியும். யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். 2024இல் ரோப் கார் வந்த பிறகு முழங்கால் வலிக்காரர்களும் மேலே போய்ச் சேவிக்க முடிகிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் பக்தர்களுக்கு இதற்கு மாற்று இல்லை.

பக்தியோடு சரித்திரமும் வேண்டும் என்றால் வள்ளிமலைக்கு வாருங்கள். முருகன் வள்ளியை மணந்த இடமென்று தொண்டை நாடே நம்பும் மலை. படிகள் சோளிங்கரில் பாதிகூட இருக்காது. அதே மலையில் கங்க மன்னன் ராஜமல்லன் காலத்துச் சமணக் குகையும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களும் இருக்கிறார்கள். மேலே சாமி கும்பிட்டுவிட்டு இறங்கிவிடும் கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போவதே இல்லை.

பக்கத்திலேயே பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி. ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசன் நினைவாக எழுப்பிய கோயில், அங்கே இருக்கிறது. ஆற்றூரில் இறந்துபோன அரிஞ்சயனை அங்குள்ள கல்வெட்டு 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்கிறது. தஞ்சாவூருக்குப் போய்ப் பெரிய கோயிலைப் பார்க்கிறவர்கள், அதே ராஜராஜன் வட ஆற்காட்டில் தாத்தாவுக்குக் கட்டிய இந்தச் சின்னக் கோயிலையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வெயில் ஏறுமுன் வள்ளிமலையில் ஏறி இறங்கி, அப்புறம் மேல்பாடிக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலூர் வந்துவிடலாம். பள்ளிப்படை பூட்டியிருந்தால் எதிரிலிருக்கும் சோமநாதேஸ்வரர் கோயிலில் விசாரியுங்கள். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், அங்கே கடைகள் அதிகம் இல்லை.