எண்ணெய்த் துண்டும் விரிப்பும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கும்பகோணம் பக்கத்தில், தங்கும் விடுதியோடு சேர்ந்த ஒரு ஆயுர்வேத மசாஜ் நிலையத்தில் துணிகளுக்குப் பொறுப்பு என்னுடையது. மேசை விரிப்பு, துண்டு, இடுப்புத்துணி, தலையணை உறை எல்லாம் என் கையைத் தாண்டித்தான் அறைக்குப் போகும். சில வருடங்களாக இதே வேலை. அதனால் எந்தத் துணி நிற்கும், எது சீக்கிரம் நாறும் என்று ஓரளவு சொல்ல முடியும். ஸ்பா நடத்துபவர்களுக்கு மட்டுமில்லை, வீட்டில் பெரியவர்களுக்குத் தைலம் தேய்த்துவிடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வேலைக்கு ஈரிழைத் துண்டை மிஞ்சியது கிடையாது. தேங்காய்ப்பூத் துண்டு பார்க்கப் பகட்டாக இருக்கும், வெளியூர் விருந்தினர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அந்தக் குட்டிக் குட்டி நூல் வளையங்களுக்குள் எண்ணெய் போய் உட்கார்ந்துகொண்டால் லேசில் வெளியே வராது. அதுவும் 600 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கனமுள்ள துண்டு ஐப்பசி மழையில் இரண்டு நாள் கொடியில் தொங்கினாலும் நடுவில் ஈரம் இருக்கும். எங்களிடம் தேங்காய்ப்பூத் துண்டு இப்போது குளித்த பிறகு துவட்ட மட்டும்தான். அதற்கு 400 ஜிஎஸ்எம் போதும். சோலாப்பூர் துண்டுகள் நன்றாகவே உழைக்கின்றன.

விரிப்புக்கு முழுப் பருத்தி. பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த பாலிகாட்டன் சுருங்காது, சீக்கிரம் காயும், இஸ்திரி வேலையும் குறைவு. எல்லாம் சரிதான், ஆனால் பாலியஸ்டர் இழை எண்ணெயை இழுத்து வைத்துக்கொள்ளும். துவைத்து மடித்து வைத்த விரிப்பு பார்க்கச் சுத்தமாக இருக்கும், சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் காறல் வாடை குப்பென்று கிளம்பும். இந்த இஸ்திரிச் சோதனையைத்தான் நான் இன்றும் நம்புகிறேன். வாடை வந்தால் துணி அறைக்குப் போகாது, திரும்பத் தொட்டிக்குத்தான். அடர்நிற விரிப்பு வாங்கினால் கறை தெரியாது என்று பலர் சொல்வார்கள். கறை தெரியாது, வாடை தெரியும்.

வாடைக்குக் காரணம் எண்ணெயின் குணம். நல்லெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் செறிவுறாக் கொழுப்பு. அது காற்றோடு சேர்ந்து மெல்ல மாறி, பிசுபிசுவென்று மஞ்சளாக இழையில் படியும். இங்கே வரும் தைலங்களில் பெரும்பாலும் நல்லெண்ணெய்தான் அடிப்படை என்பதால் எண்ணெய்ச் சிக்கு எங்களுக்கு நிரந்தர விருந்தாளி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் செறிவுற்ற கொழுப்பு, அவ்வளவு சீக்கிரம் காறாது. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீரில் அலசினால் துணியிலேயே மெழுகு மாதிரி இறுகிவிடும்.

ஆகவே வெந்நீர்தான் பாதி வேலை. எங்களுக்கு முன்பு துணி வெளுத்துக் கொடுத்த அக்கா ஒருவர், வெள்ளாவி வைத்துப் பழகியவர், என்னிடம் அடிக்கடி சொல்வார்: “சோப்பைக் கூட்டாதீங்க தம்பி, சூட்டைக் கூட்டுங்க.” அதையேதான் இப்போது மெஷினில் செய்கிறோம். துணி வந்த அன்றே, கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறப்போடுவோம். ஏழு கிலோ மெஷின் என்றால் நாலு கிலோவுக்கு மேல் போடுவதில்லை. ஹீட்டர் உள்ள, முன்பக்கம் திறக்கும் மெஷின், 60 டிகிரி. சோடாவைக் கையுறை போடாமல் தொட வேண்டாம், விரல் வெடித்துவிடும்.

சோடாவால் இன்னொரு லாபமும் உண்டு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கொஞ்சம் தேவலாம், கோடையில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. நாகப்பட்டினம் பக்கம், கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னும் சிரமம். கடினத் தண்ணீரில் கட்டிச் சோப்பு போட்டால் சுண்ணாம்போடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் துணியில் ஒட்டிக்கொள்ளும். சோடா அந்தக் கடினத்தை முதலிலேயே குறைத்துவிடும். சீயக்காய், பூந்திக்கொட்டை எல்லாம் சொல்கிறார்களே என்றால், திருபுவனம் பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை நல்லதுதான். தைலம் ஊறிய விரிப்புக்கு அது பத்தாது.

வெந்நீர் எதற்கும் சரி என்று நினைத்துவிடக் கூடாது. நவரக்கிழி என்பது நவர அரிசியைப் பாலில் வேகவைத்து, துணியில் முடிந்து உடம்பில் ஒத்துவது. அது கொடுத்த துணியில் பாலும் சோறும் இருக்கும். அதை நேராக வெந்நீரில் போட்டால் பால் வெந்து இழையோடு பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம்தான் சூடு. பிண்ட தைலம் நேர்மாறு. அந்தத் தைலத்தின் சிவப்பு மஞ்சிட்டி என்ற மூலிகை வேரால் வருகிறது, கூடவே தேன்மெழுகும் உண்டு. தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் அந்தத் துணிகளை மட்டும் தனியாக ஒரு பாத்திரத்தில் கொதிக்க வைத்து எடுப்போம். முழுக்கப் போகாது. லேசான செம்மை நின்றுவிடும், நான் அதற்காக மல்லுக்கட்டுவதில்லை.

மஞ்சள் கறை சோடாவில் பட்டதும் ரத்தச் சிவப்பாக மாறும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் பதறுவார்கள். பதற வேண்டியதில்லை, நன்றாக அலசி வெயிலில் ஈரத்தோடு விரித்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். இந்த வேலைக்குச் சித்திரை வெயிலைவிடச் சிறந்த மருந்து கடையில் இல்லை, காசும் இல்லை.

குளோரின் பிளீச்சை நிறுத்தியாகிவிட்டது. எண்ணெயை அது எடுக்காது, நூலைத்தான் நைய வைக்கும். வெண்மை வேண்டுமென்றால் சோடியம் பெர்கார்பனேட் கலந்த ஆக்சிஜன் பிளீச், அதுவும் வெந்நீரில். துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். வாசனையாக இருக்கும், ஆனால் இழைமேல் பூச்சுப் படிந்து துண்டு தண்ணீரை உறிஞ்சுவதை விட்டுவிடும்.

துணிக்கு வரும் எண்ணெயையே குறைக்க ஒரு வழி இருக்கிறது. மசாஜ் முடிந்ததும் மேசையிலேயே பயத்தம் மாவு தேய்த்து உதிர்த்துவிட்டால் துண்டில் ஏறும் எண்ணெய் பாதியாகக் குறைகிறது. ஆனால் மாவை உதறாமல் மெஷினில் போட்டால் வடிகால் குழாய் அடைத்து, புளித்து, அந்த நாற்றம் தனி. கதவைச் சுற்றியுள்ள ரப்பரையும் தினமும் துடைக்க வேண்டும்.

உலர்த்தும் மெஷின் வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். எண்ணெய் மிச்சமுள்ள துணியைச் சூடாக உலர்த்தி, சூடாகவே மடித்து அடுக்கினால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உள்ளுக்குள் சூடேறி அடுக்கு தானாகவே தீப்பிடிக்கலாம். ஸ்பாக்களின் சலவை அறையில் இது தெரிந்த ஆபத்து. நாங்கள் மழைக்காலத்தில் மட்டும் உலர்த்தியைப் போடுகிறோம், கடைசியில் சூடில்லாத காற்றில் ஓடும் சுற்றை முழுசாக ஓடவிட்டு, ஒவ்வொன்றாக விரித்து ஆறவிட்ட பிறகுதான் அலமாரிக்கு. எண்ணெய்த் துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூலையில் போடுவதும் கூடாது, மேசை துடைக்கும் பழந்துணி உட்பட.

நைந்த ஈரிழைத் துண்டுகள்தான் அந்தப் பழந்துணி. அடுத்த தடவை வாங்கும்போது எலாஸ்டிக் வைத்த விரிப்பு வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். எண்ணெயும் சூடும் பட்டு ரப்பர் தொளதொளத்துவிடுகிறது. நாலு மூலையிலும் நாடா தைத்த சாதாரண விரிப்பே போதும்.