ராக்கெட் லீக்: உங்கள் பிள்ளைக்குச் சரிவருமா?

கார்களை வைத்து ஆடும் கால்பந்து வீடியோ கேம்தான் ராக்கெட் லீக். 2015இல் வெளிவந்தது, 2020 செப்டம்பரிலிருந்து இலவசம். ரத்தமோ துப்பாக்கியோ கிடையாது. வேகமாக இடிபட்டால் கார் வெடிக்கும், மூன்று நொடியில் திரும்பி வந்துவிடும். ஐரோப்பாவில் விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் பெகி முத்திரை 3 வயது என்கிறது. ஆனால் அந்த எண் திரையில் வரும் காட்சிகளுக்கு மட்டும்தான். தோற்றவுடன் பிள்ளைக்கு ஏறும் கோபத்தையும், எதிரணிக்காரர் அனுப்பும் செய்தியையும் அது கணக்கில் எடுப்பதில்லை.

பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது தோல்வியைத்தான். ஜெயிக்க ஜெயிக்க இன்னும் கெட்டிக்காரர்களோடு கோத்துவிடும்படிதான் இதை அமைத்திருக்கிறார்கள். அதனால் பிள்ளை எவ்வளவு தேறினாலும் ஏறக்குறையப் பாதி ஆட்டங்களில் தோற்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு, புதுக் கணக்கு இலவசம் என்பதால் தேர்ந்தவர்கள் சிலர் வேண்டுமென்றே கீழ்த்தட்டில் வந்து விளையாடுவதும் உண்டு. தரவரிசைப் போட்டி, ஆடி ஆடி 10ஆம் நிலையை எட்டிய பிறகுதான் திறக்கும். அதுவரை சாதாரண ஆட்டங்களில் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். மூன்று தொடர் தோல்விக்குப் பிறகு கன்ட்ரோலரைக் கீழே வைக்க முடிகிறதா? கூட ஆடுபவரைத் திட்டாமல் இருக்கிறதா? வயதைவிட இதைத்தான் நம்பலாம்.

அடுத்தது நேரம். ஒரு ஆட்டம் கடிகாரப்படி 5 நிமிடம். ஆனால் கோல் விழும்போது கடிகாரம் நிற்கும், சமநிலையில் முடிந்தால் அடுத்த கோல் விழும்வரை கூடுதல் நேரம் ஓடும், அதற்கு வரம்பே இல்லை. இணையத்தில் ஆடும்போது இடைநிறுத்தமும் கிடையாது. தரவரிசை ஆட்டத்தில் பாதியில் எழுந்துபோனால் கொஞ்ச நேரத்துக்கு ஆடத் தடை விழும். திரும்பத் திரும்பச் செய்தால் அது நீளும். ஆகவே “உடனே நிறுத்து” என்பது வீட்டில் சண்டையில்தான் முடியும். “இதுதான் கடைசி ஆட்டம்” என்று அது தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பேச்சு வசதியை அமைப்புகளில் முதல் நாளே அடக்கிவிடுங்கள். பொத்தானை அழுத்தி அனுப்பும் ஆயத்த வாக்கியங்களை மட்டும் விட்டுவைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. கோலைத் தடுக்கத் தவறியவரிடம் “வாட் எ சேவ்!” (என்ன அருமையான தடுப்பு!) என்று நாலு தடவை அனுப்புவது இங்கே பழகிப்போன கேலி. சின்னப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் அணைப்பதே சரி. 13 வயதுக்குக் கீழே என்றால் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனத்தின் கணக்கில் உண்மையான பிறந்த தேதியையே கொடுங்கள். பெற்றோர் அனுமதிக்கும்வரை பேச்சும் பணம் கொடுத்து வாங்குவதும் பூட்டியே இருக்கும்.

கடையில் விற்பதெல்லாம் அலங்காரம். காசு கொடுத்து வாங்கிய கார் கூடுதல் வேகத்தில் ஓடாது. தொழில்முறை வீரர்கள் பலர் விரும்பும் ஆக்டேன் என்ற கார் இலவசமாகவே கிடைக்கிறது. உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆனால் குறைந்த காலத்துக்கே இருக்கும் பொருட்கள் பிள்ளையைச் சீண்டும், அதனால் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதீர்கள்.

தலைசுற்றுகிறது என்றால் கேமரா அமைப்பில் அதிர்வை அணைத்துப் பாருங்கள். பந்து மேலே பறக்கும்போது காரையும் பறக்கவிட்டு அடிப்பது மாதக்கணக்கில் பழகினால்தான் வரும் வித்தை. அது கைகூடாமல் அழும் பிள்ளைக்கு இணையம் இன்னும் வேண்டாம். கணினி ஓட்டும் கார்களோடு, இல்லையென்றால் ஒரே திரையைப் பிரித்து உங்களோடு, ஆடட்டும்.