கிளிஞ்சல் சுண்ணாம்பு: பழைய தெருவீட்டின் முகப்புக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் வாங்க வேண்டியது சூளையிலிருந்து நேரே வரும் சுட்ட கிளிஞ்சலை. கடையில் காகித மூட்டையில் கிடைக்கும் வெள்ளை மாவு இந்த வேலைக்கு ஆகாது. இரண்டையும் ஒரே பேரில் விற்பதால்தான் பாதிக் குழப்பமே. புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழர் பகுதியின் திண்ணை வைத்த வீடுகளை மனதில் வைத்தே இந்த மதிப்பீடு. உப்புக் காற்றும் நாட்டுச் செங்கல் சுவரும் உள்ள எந்தக் கடற்கரை ஊருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒரு பழைய தெரு அழிவதற்குப் புல்டோசர்தான் காரணம் என்று நினைக்கிறோம். 1990களில், மரபுக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு எடுத்த பட்டியலில் இருந்த பழைய கட்டடங்களில் பல நூறு இன்று இல்லை. அவற்றில் பலவற்றின் கதை இடிப்புக்கு வெகு காலம் முன்பே, யாரோ ஒருவர் முகப்புக்கு சிமென்ட் பூசிய நாளில் தொடங்கியிருக்கும். பூசிய சில ஆண்டுகளில் சுவர் ஓதம் காக்கும், காரை பொக்கு விடும், உத்திரத்தின் முனை மக்கும். "வீடு பழசாப் போச்சு" என்று குடும்பம் ஊருக்கு வெளியே மூலகுளத்திலோ ரெட்டியார்பாளையத்திலோ மனை வாங்கிப் போகும். தெருவீடு பூட்டிக் கிடந்து, பாகப்பிரிவினை முடிந்ததும் தரைமட்டமாகும். ஊர் வில்லியனூர்ப் பக்கம் வயலைத் தின்றுகொண்டே போவதற்கும் நடு ஊரில் வீடுகள் காலியாவதற்கும் இடையில் இந்தச் சிமென்ட் மூட்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

காரணம் எளிது. பழைய வீட்டுச் செங்கல் மெல்லியது, குறைந்த சூட்டில் சுட்டது, தண்ணீரை உறிஞ்சும். அடியில் ஓதத் தடை கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புக் காரை வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறி, காரைக்குப் பின்னால் உப்பைப் படிய விடுகிறது. உப்பு படிகமாகும்போது செங்கலின் முகத்தையே பொடியாக்கித் தள்ளும். சிமென்ட் காரை தகடாகக் கழன்று விழும்போது பின்னால் செங்கல் தூள் கொட்டுமே, அது இதுதான். உங்கள் சுவரில் இருப்பது எது என்று தெரியவில்லையா? ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கீறலே விழாமல், தட்டினால் கணீரென்று கேட்டால் சிமென்ட்.

சந்தையில் கிடைப்பவற்றுக்கு வருவோம்.

சுட்ட கிளிஞ்சல். சுத்தமான கொழுப்புச் சுண்ணாம்பு (தண்ணீரில் அல்ல, காற்றில் இறுகுவது) இதுதான், ஐ.எஸ். 712 என்ற இந்தியத் தர வரிசையில் சி வகையில் அடங்கும், பூச்சுக்கு ஏற்றது. சிப்பியின் வடிவம் மாறாமல், எடை குறைந்து, வெள்ளையாக இருக்க வேண்டும். வாங்கும் இடத்திலேயே ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் போடுங்கள். சில நிமிடங்களில் சீறிக் கொதித்து உடைந்தால் நல்ல சரக்கு. சும்மா கிடந்தால், காற்றின் ஈரத்தைக் குடித்து முன்பே நீறிப்போன, அதாவது நீரோடு சேர்ந்து மாவாகிவிட்ட சரக்கு. அல்லது சூளையில் சரியாக வேகாதது. மூட்டையின் அடியில் பாதி மாவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதற்கு 5க்கு 4½ மதிப்பெண். அரை மதிப்பெண்ணைக் குறைத்தது காத்திருக்க வைக்கும் குணத்துக்காக.

மூட்டை மாவு, அதாவது ஆலையில் நீற்றிய சுண்ணாம்புத் தூள். தண்ணீர் சுத்திகரிப்புக்கும் வெள்ளையடிக்கவும் போதும். எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. கிடந்த அளவுக்குக் காற்றோடு சேர்ந்து மறுபடி சுண்ணாம்புக்கல் தூளாகியிருக்கும், ஒட்டும் சக்தி போயிருக்கும். வேறு வழியில்லாமல் வாங்கினால் புதிய தேதியாகப் பார்த்து வாங்கி, குறைந்தது ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தே கலக்க வேண்டும். 5க்கு 2.

என்.எச்.எல். (நேச்சுரல் ஹைட்ராலிக் லைம்) என்று வரும் இறக்குமதிச் சுண்ணாம்பு. இது தண்ணீரோடு சேர்ந்தே இறுகக்கூடியது. 2, 3.5, 5 என்ற மூன்று எண்கள் அதன் வலிமையைக் குறிக்கும்: 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது அத்தனை நியூட்டன் அழுத்தம் தாங்கும். "வலுவானதே நல்லது" என்று 5 வாங்குவதுதான் வழக்கமான தவறு. நாட்டுச் செங்கலுக்கு அது கடினம். சிமென்ட் செய்யும் கெடுதலில் ஒரு பங்கை அதுவும் செய்யும். எப்போதும் நனையும் அடிச்சுவருக்கு மட்டும் 3.5 போதும். விலைதான் உறுத்தும். 5க்கு 3.

தண்ணீர் ஊற்றினால் போதும் என்று விற்கும் "சுண்ணாம்புக் கலவை" பைகள் இப்போது நிறைய வருகின்றன. பையின் பின்பக்கத்தில் என்னென்ன பொருள், எத்தனை பங்கு என்று அச்சிடாததை வாங்காதீர்கள். அதில் சிமென்ட் இருந்தால் பெயரில் மட்டும்தான் சுண்ணாம்பு.

எவ்வளவு வாங்குவது? 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள முகப்பில் கதவு, சன்னல் போக சுமார் 19 சதுர மீட்டர் வரும். முதல் பூச்சு 12 மி.மீ., இரண்டாவது 8 மி.மீ. பழைய சுவர் மேடு பள்ளமாகத்தான் இருக்கும் என்பதால் கால் பங்கு கூட்டிக்கொண்டால் அரை கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான கலவை, அதாவது 17 கன அடி மணல். 1 பங்கு சுண்ணாம்புக் களிக்கு (சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீரில் நீற்றி எடுக்கும் குழைவு) 3 பங்கு மணல் என்றால் களி 160 லிட்டர். மேல் பூச்சுக்கு இன்னொரு 40 லிட்டர். 1 கிலோ நல்ல சுட்ட கிளிஞ்சல் 2 முதல் 2½ லிட்டர் களி தரும். ஆக 100 கிலோ வாங்கினால் சேதாரத்தோடு சரியாக இருக்கும். களி மணலின் இடுக்குகளை நிரப்புவதால், கலவையின் மொத்த அளவு ஏறக்குறைய மணலின் அளவுதான் இருக்கும். இதை மறந்து மணலைக் குறைத்து வாங்கி, பாதியில் வேறு மணல் இறக்கி, முகப்பில் இரண்டு நிறம் தெரிவது அடிக்கடி நடக்கிற விபத்து.

நீற்றுவதில் ஒரு சட்டம்: தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகுதான் கிளிஞ்சல். மாற்றிச் செய்தால் வெடித்துத் தெறிக்கும், கண் போகும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். பிளாஸ்டிக் டிரம் சூட்டில் இளகும். இரும்பு டிரம் அல்லது செங்கல் தொட்டி வேண்டும். சீறல் அடங்கியதும் 3 மி.மீ. சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க மூடி வையுங்கள். முதல் இரண்டு பூச்சுக்கும் குறைந்தது ஒரு மாதம், மேல் பூச்சுக்கு மூன்று மாதம். வெண்ணெய் பதம் வந்து கரணையில் ஒட்டாமல் வழுக்க வேண்டும். அவசரப்பட்டால் நீறாத துணுக்குகள் சுவரில் போன பிறகு நீறும். மழைக்குப் பின் அம்மைத் தழும்பு போல் முகப்பெங்கும் குழி விழும். அதற்கு மருந்தே இல்லை, உரித்துத்தான் பூச வேண்டும்.

கடற்கரை மணலைத் தொடவே கூடாது. ஆற்றுமணல் கிடைக்காமல் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) போட்டால் பூச்சுக்கென்று கழுவியதைக் கேளுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் விடுங்கள். மேலே படியும் வண்டல் நூற்றுக்கு 8 பங்கைத் தாண்டினால் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள், காரை வெடிக்கும்.

கலவையில் கடுக்காய், வெல்லம் சேர்ப்பது பற்றிச் சமூக ஊடகங்களில் மந்திரம் போலப் பேசுகிறார்கள். வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைத்து, கலவையை இணக்கமாக்கும். கடுக்காயின் துவர்ப்பும் உதவும். இரண்டையும் இடித்துப் பத்து, பதினைந்து நாள் ஊறவைத்து வடித்த நீரில் கலவை குழைப்பது வழக்கம். அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். மிகுந்தால் இறுகுவது தாமதமாகும், கறை விழும், எறும்பும் வரும். ஆகவே சந்துப் பக்கச் சுவரில் ஒரு சதுர மீட்டர் பூசி, மூன்று வாரம் பார்த்துவிட்டு முகப்புக்கு வாருங்கள். நன்றாக ஊறிய சுண்ணாம்புக் களியும் சுத்தமான மணலும் இருந்தால் கடுக்காய் இல்லாமலும் பூச்சு நிற்கும். மட்டமான சுண்ணாம்பைக் கடுக்காய் காப்பாற்றாது.

கிளிஞ்சல் சுண்ணாம்பின் உண்மையான குறை, நிரந்தர ஈரத்தில் அது இறுகாது என்பதுதான். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை 1 பங்கு களி, 1 பங்கு செங்கல் தூள், 2 பங்கு மணல் சேர்க்கலாம். செங்கல் தூள் மெல்லச் சுட்ட நாட்டுச் செங்கலை இடித்ததாக இருக்க வேண்டும். நன்றாக வெந்த சேம்பர் சூளைச் செங்கலின் தூள் சும்மா சிவப்பு மணல்தான், சுண்ணாம்போடு சேராது. என்.எச்.எல். வாங்கும் செலவு பெரும்பாலும் இதிலேயே மிச்சமாகும்.

இனிச் சுவர். சிமென்ட்டை உளியும் சுத்தியலும் கொண்டு கையால் உரிக்க வேண்டும். இயந்திரம் வைத்தால் செங்கலும் சேர்ந்து வரும். இணைப்புகளை 15 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள். வெளியே பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது மறுபடி உள்ளேயே போகும். முடிந்தால் ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே விடுங்கள். அக்கம்பக்கம் கேலி செய்யும்; செய்யட்டும்.

பூசுவதற்கு ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை தோதான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காரை இறுகாமல் கரையும். அக்னி நட்சத்திரத்தில் ஒரே நாளில் காய்ந்து மாவாகும். முதல் நாள் மாலையும், பூசுவதற்கு ஒரு மணி முன்னும் சுவரை நனையுங்கள். முதல் பூச்சைக் கரணையால் வீசி அடிக்க வேண்டும், தடவக் கூடாது. கட்டைவிரல் பதியாமல் நகம் மட்டும் கீறும் பதத்தில் அடுத்ததற்குச் சொரசொரப்பாக்கி, ஒரு வாரம் விட்டுத்தான் இரண்டாவது பூச்சு. இடையில் மயிரிழை வெடிப்பு வந்தால் பயப்பட வேண்டாம். மணியாசிக் கட்டையால் (பூச்சை மட்டமாக்கும் மரப்பலகை) தட்டி மூடிவிடலாம். பத்து நாள் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, தெளிப்பானால் மட்டும் நனையுங்கள். சிமென்ட்டுக்குப் பழகிய கை, குழாயைத் திறந்து பீய்ச்சி அடிக்கும். அதில் பூச்சு கரைந்தோடும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டு மேலே அக்ரிலிக் பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. பூச்சு மூச்சுவிட முடியாமல் போனபின் என்ன பயன்? பால் போலக் கரைத்த சுண்ணாம்பை மெல்லியதாக நாலைந்து கை, கைக்கு ஒரு நாள் இடைவெளி விட்டு அடியுங்கள். மஞ்சள் வேண்டுமென்றால் மண் நிறமிதான், மஞ்சள் காவி வகை. மஞ்சள் தூளைச் சுண்ணாம்பில் கலந்தால் என்னாகும் என்பது ஆரத்தித் தட்டைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

வேலை சரியாக நடந்தால் தெரு எப்படி இருக்கும் என்று பார்க்க, கல்வே சுப்பராய செட்டி வீதிக்கு, ஊரார் வாயில் வைசியாள் வீதிக்குப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்ஸின் வில்நெவ்-சுர்-லோ நகரங்களோடு சேர்ந்து, 2000களின் தொடக்கத்தில் அங்கே சுமார் இருபது வீடுகளின் முகப்புகளை மீட்டார்கள். யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருதும் 2008இல் கிடைத்தது. மீட்டது வெள்ளையர் பகுதியின் மஞ்சள் மாளிகைகளை அல்ல, தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகளை. ஒரே வரிசையில் திண்ணையும் தாழ்வாரமும் ஓடுவதால்தான் அது தெருவாகத் தெரிகிறது. நடுவில் ஒரு வீடு தூண் வைத்துக் கார் நிறுத்தமாக மாறினால் வரிசையே பல் விழுந்த வாய்.

சுண்ணாம்பால் ஆகாததும் நிறைய. நாலு அண்ணன் தம்பிக்கு ஒரு முற்றத்து வீட்டைப் பிரித்துத் தராது. மனை விலையைக் குறைக்காது. மெட்ராஸ் தளம் (மர உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்த மேல்தளம்) ஒழுகிக்கொண்டிருக்கும்போது முகப்புக்கு மட்டும் பூசுவது வீண். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பழைய நகர மன்றமான மேரி கட்டடமே சரிந்தது நினைவிருக்கும். முதலில் தளம், பிறகு மழைநீர்க் குழாய், அதன் பின்னர்தான் சுவர். பொருளுக்கு ஆகும் செலவு சிமென்ட்டைவிடப் பெரிதாக அதிகரிக்காது. கூடுவது கொத்தனார் நாட்களும் சாரத்தின் வாடகையும்தான். ஆகவே கொத்தனாரை நாள் கூலிக்குப் பேசுங்கள். சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் போட்டால், அந்த ஒரு வார இடைவெளியை அவர் விடமாட்டார்.