ஜிப்ஸியா, பழைய தாரா, பஜீரோவா: எடையை வைத்து ஒரு கணக்கு

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கி, பின்னால் கூடாரம், தண்ணீர், சமையல் சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு நாள் கணக்கில் ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்கள், எங்கெங்கோ தேடிவிட்டுக் கடைசியில் மூன்று பெயர்களில் வந்து நிற்கிறார்கள். மாருதி ஜிப்ஸி, 2010 முதல் 2020 வரை வந்த மஹிந்திரா தார் சிஆர்டிஇ, மிட்சுபிஷி பஜீரோ எஸ்எஃப்எக்ஸ். சஃபாரி, ஸ்கார்பியோ, கூர்க்கா என்று இன்னும் சில உண்டு. நல்ல நிலையில் உள்ள ஃபோர் வீல் டிரைவ் சஃபாரியைத் தேடிப் பிடிப்பதற்குள் ஆசையே போய்விடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் ஜிப்ஸி வாங்கியவன். இந்தக் கட்டுரை எந்தப் பக்கம் சாயும் என்று இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

பஜீரோவை முதலில் முடித்துவிடலாம். 2002 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நம் திருவள்ளூர் ஆலையில் கட்டி விற்ற வண்டி இது. 2.8 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின், ஏழு பேர் உட்காரும் இடம். சூப்பர் செலக்ட் கியர் அமைப்பு இருப்பதால் மழையில் நனைந்த நெடுஞ்சாலையிலும் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டுக்கொண்டு போகலாம். மற்ற இரண்டிலும் அது முடியாது. பிடிமானம் உள்ள ரோட்டில் நான்கு சக்கரத்தைப் போட்டால் திருப்பங்களில் கியர் பெட்டி முறுக்கிக்கொள்ளும். நீண்ட பயணத்துக்கு இந்த மூன்றில் உடம்பு நோகாத வண்டி பஜீரோதான். நான் நண்பரின் வண்டியை ஓட்டிய அளவில் சொல்கிறேன், சொந்தமாக வைத்துப் பராமரித்த அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் அந்த நண்பர் ஒரு சின்ன ரப்பர் புஷ்ஷுக்காக வாரக் கணக்கில் காத்திருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வாங்கும்போது மலிவாகக் கிடைக்கும், வைத்திருக்கும்போது அது ஈடுகட்டிக்கொள்ளும். பழைய பஜீரோ ஒன்றை உதிரிபாகத்துக்காகவே இன்னொன்றாக வாங்கிப் போடும் வசதி இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

மிச்சம் இரண்டு. காகிதத்தில் பார்த்தால் இது போட்டியே இல்லை. தார் சிஆர்டிஇ 2.5 லிட்டர் டீசல், 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஜிப்ஸி 1.3 லிட்டர் பெட்ரோல், 2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சித் தெளிக்கும்) எஞ்சினில் 80 குதிரைத்திறன். இழுவிசை தாரின் பாதிகூட இல்லை. தாரில் ஏசி உண்டு, பவர் ஸ்டீரிங் உண்டு. ஜிப்ஸியில் இரண்டும் கிடையாது. தாரின் டேங்க் 60 லிட்டர், ஜிப்ஸியில் 40. மணாலியிலிருந்து லே போகும் வழியில் தண்டி பெட்ரோல் பங்கில் ஒரு பலகை பிரபலம்: அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம் கொடுக்கும் ஜிப்ஸிக்கு அந்தப் பலகை வயிற்றில் புளியைக் கரைக்கும். கேன் இல்லாமல் கிளம்ப முடியாது. அதோடு, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் உயரத்தில் மூச்சு வாங்கும். ஐயாயிரம் மீட்டருக்கு மேல் காற்று கிட்டத்தட்ட பாதியாகிவிடுவதால் 80 குதிரைகளில் கணிசமான பகுதி அடிவாரத்திலேயே நின்றுவிடும். டர்போ டீசல் அந்த அளவுக்குத் திணறாது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் வண்டியை வைத்துக்கொண்டு இப்படி ஊர் சுற்றுகிறவருக்கு என்.எச். 44 தான் உண்மையான சோதனைக்களம். இங்கே கரடுமுரடான பாதை என்று நாம் ஆசையாகப் பார்ப்பதில் பெரும்பாலானது வனத்துறை நிலம், அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு. ஆகவே இமாச்சலின் ஸ்பிட்டிக்கோ குஜராத்தின் கட்ச்சுக்கோ போய்ச் சேரும்வரை பல நாட்கள் நான்குவழிச் சாலைதான். கோடையில் நாக்பூர் பக்கம் ஏசி இல்லாத கேன்வாஸ் கூரை ஜிப்ஸியில், 80 கிலோமீட்டர் வேகத்தில், பேசுவது காதில் விழாமல் போவது எப்படி இருக்கும் என்பதை வர்ணிக்க வேண்டியதில்லை. விடிகாலையில் கிளம்பி பதினோரு மணிக்கு ஓரம் கட்டிவிடுவது என் வழக்கம்.

இவ்வளவும் தெரிந்தும் ஜிப்ஸி எதற்கு? எடை. மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

கேன்வாஸ் கூரை ஜிப்ஸியின் வெற்று எடை 985 கிலோ. தார் ஒன்றரை டன்னைத் தாண்டும், பஜீரோ இரண்டு டன்னை ஒட்டி நிற்கும். வண்டியில் எது தேய்கிறதோ, எது உடைகிறதோ, எது மண்ணில் புதைகிறதோ, எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த எண்தான் இருக்கிறது. பிரேக், கிளட்ச், வீல் பேரிங், புஷ், டயர் எல்லாம் சுமப்பது இதைத்தான். மணலில் ஜிப்ஸி சிக்கினால் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் தோண்டி, இரண்டு பேர் பின்னால் தோள் கொடுத்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். தார் அச்சு வரை இறங்கிவிட்டால் இழுக்க இன்னொரு வண்டி வேண்டும், இல்லை வின்ச் (கம்பிக் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) வேண்டும். 2015-க்குப் பிறகு வந்த தார்களில் பின் அச்சில் ஈட்டன் லாக்கிங் டிஃபரன்ஷியல் இருக்கிறது (ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும்), அது பல இடங்களில் சிக்கவே விடாது என்பதையும் சொல்ல வேண்டும். பாறையிலும் படியிலும் தார்தான் கெட்டி.

ஆனால் வண்டியைப் பயணத்துக்குத் தயார் செய்யத் தொடங்கும்போதுதான் எடை தன் வேலையைக் காட்டும். தார் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில் போகிறார்கள். முதலில் முன்னால் இரும்பு பம்பர், அதில் வின்ச். இரண்டும் சேர்ந்து எழுபது கிலோவாவது வரும், அதுவும் முன் சக்கரத்துக்கும் முன்னால் தொங்குகிற எடை. தாரின் முன்பக்கம் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) கிடையாது. டார்ஷன் பார் (ஸ்பிரிங் போல முறுக்கிக்கொள்ளும் இரும்புக் கம்பி) வைத்த தனித்தனி சஸ்பென்ஷன். எடை ஏறியதும் மூக்கு தாழும். தாழ்ந்ததைத் தூக்க டார்ஷன் பாரை முறுக்கி, பழைய உயரத்துக்கும் மேலே ஏற்றுவார்கள். ஏற்றியதும் டிரைவ் ஷாஃப்ட் சாய்வாக நின்று சுற்றும், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் சிவி ஜாயிண்டின் ரப்பர் உறை மடிப்பில் கிழியும், கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். பால் ஜாயிண்ட் எப்போதும் தன் எல்லையிலேயே நிற்பதால் சீக்கிரம் தளரும், அலைன்மென்ட் நிற்காது, முன் டயர் ஒரு பக்கமாக மொட்டையாகும். இதற்கெல்லாம் பாகம் கிடைக்கும், செய்யவும் ஆள் உண்டு. ஆனால் மூல காரணம் பம்பர் என்று பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நாமும் கழற்றப் போவதில்லை.

ஜிப்ஸியில் இந்தப் பாதைக்கு முதலிலேயே கதவு சாத்தியிருக்கிறது. அது தாங்கும் சுமை அரை டன் அளவுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் 140 கிலோ. கூரைக் கூடாரம் 55, அதைத் தாங்கும் கேரியர் 30. பம்பரும் வின்ச்சும் 70. சாமானோடு சின்ன ஃபிரிட்ஜ் 30, அதற்கு இரண்டாவது பேட்டரி 20. தண்ணீர் 40 லிட்டர், அதாவது 40 கிலோ. 20 லிட்டர் பெட்ரோல் கேன் 15-ஐத் தாண்டும். டூல்ஸ், ஜாக், கயிறு 25. துணிமணி, அடுப்பு, பாத்திரம், அரிசி பருப்பு இன்னும் ஏறவில்லை, அதற்குள் 420 தாண்டிவிட்டது. தவிர ஜிப்ஸி 1.54 மீட்டர் அகலமே உள்ள ஒல்லி வண்டி. கூரையில் எடை ஏற்றினால் சரிவில் அது சாய்வதை வயிற்றில் உணரலாம்.

ஆகவே என் வண்டியில் கூரையில் ஒன்றும் இல்லை. தரையில் போடும் கூடாரம், ஃபிரிட்ஜ் கிடையாது, வின்ச் கிடையாது. பின் பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பிளைவுட் தளம், அதன் கீழே டூல்ஸ், மேலே தண்ணீர் கேனும் பெட்டிகளும் பெல்ட் போட்டுக் கட்டியது. செலவு செய்ததெல்லாம் அடியில். முன் சக்கரங்கள் திரும்பும் மூட்டான நக்கிள் இரண்டையும் பிரித்து கிங் பின் பேரிங்கும் சீலும் மாற்றினேன். ஜிப்ஸி 60-70 வேகத்தில் ஸ்டீரிங்கை உதறினால் வீல் பேலன்சிங் பார்த்துவிட்டு அடுத்ததாகக் கை வைக்க வேண்டிய இடம் அது. பட்டைகளைக் கழற்றி வளைவு ஏற்றி, புஷ் புதிது போட்டேன். கூடுதல் பட்டை வைக்கச் சொல்வார்கள், வைக்காதீர்கள். காலி வண்டி ஸ்பீட் பிரேக்கரில் குதிரை மாதிரி துள்ளும். பெட்ரோல் ரப்பர் குழாய்கள் அத்தனையும் மாற்றினேன், இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் அதற்குத் தாங்காது. பெட்ரோல் ஜிப்ஸிக்கு இது ஒரு நிரந்தரத் தலைவலி, டீசல் தாருக்கு இது இல்லை.

டயரில் ஒரு சின்ன அதிர்ஷ்டம். கம்பெனி அளவு 205/70 ஆர்15. பொலேரோவின் 215/75 ஆர்15 அதே ரிம்மில் உட்காரும். பொலேரோ இல்லாத ஊர் இந்தியாவில் ஏது? எந்தச் சின்ன டவுனிலும் அந்த டயர் கிடைக்கும். விட்டம் சுமார் 35 மில்லிமீட்டர் கூடுவதால் ஸ்பீடோமீட்டர் ஐந்து சதவீதம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். ஏற்றத்துக்கும் மணலுக்கும் போடும் ஜிப்ஸியின் லோ கியர் விகிதம் 2.268 மட்டுமே, அதனால் இதைவிடப் பெரிய டயர் போட்டால் செங்குத்தான ஏற்றத்தில் கிளட்ச் வாடை வரும்.

பனியில் இரண்டையும் நான் ஓட்டியதில்லை, அதனால் லடாக்கின் குளிர்காலத்துக்கு எது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. குழந்தைகளோடு போகிறவருக்கு நான் ஜிப்ஸியைச் சொல்ல மாட்டேன். ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. 2019-ல் ஏபிஎஸ் கட்டாயமான அதே சமயத்தில்தான் பொதுமக்களுக்கான அதன் விற்பனையும் நின்றது. இதில் பழைய தாரும் பெரிதாக மெச்சும்படி இல்லை, பின்னால் பக்கவாட்டு பெஞ்ச்தானே.

ஜிப்ஸி பார்க்கப் போனால் எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். எம்பிஎஃப்ஐ எஞ்சின் கெட்டால் சரிசெய்துவிடலாம். துருப்பிடித்த பாடிதான் பணத்தைத் தின்னும். தரை விரிப்பைத் தூக்கி, ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் ‘டொப்’ என்று மாறும் இடத்தில் பெயிண்டுக்குக் கீழே தகடு இல்லை, பேஸ்ட்தான் இருக்கிறது. முன் சக்கர வளைவுக்குப் பின்னால் கால் வைக்கும் இடம், பாடி சேஸிஸில் உட்காரும் மவுன்ட்டுகள், பின் பட்டை தொங்கும் ஷாக்கிள் (கொக்கி போன்ற இணைப்பு) இருக்கும் சட்டம், இந்த மூன்றும் முக்கியம். கடற்கரை ஊர் வண்டி என்றால் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தரைத் தகடு வெட்டி வெல்டிங் வைக்கலாம். சேஸிஸ் அரித்திருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்ஸிகளும் சந்தையில் சுற்றுகின்றன. பராமரிப்பு நன்றாகவே இருக்கும், காகிதம்தான் சோதனை. ஆலிவ் பச்சை நிறம் ராணுவத்துக்கு மட்டுமே உரியது என்பது மோட்டார் வாகன விதி, அதனால் ஆர்.சி. போடும் முன் நிறம் மாற்றியாக வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி., இங்கே திரும்ப வரி. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், கூடவே பசுமை வரி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் கார்களுக்கு ரூ.5,000 ஆனது, 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-ல் ரூ.10,000 ஆக்கிவிட்டார்கள். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, கூண்டும் பம்பருமாக வந்து நிற்கும் வண்டிகளை இன்ஸ்பெக்டர் சும்மா விடுவதில்லை. புதுப்பிக்கும் நாளில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கூத்து எனக்கு இல்லை, என் வண்டியில் கழற்ற எதுவும் கிடையாது.

டெல்லி வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் தடை என்ற உத்தரவு வருவதும் தளர்வதுமாக இருக்கிறது. 2014 தார் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது, 2014 ஜிப்ஸிக்கு 2029 வரை நேரம் இருக்கிறது. ஏற்கெனவே 15 தாண்டிய ஜிப்ஸி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் டெல்லியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு மேலே ஏற வேண்டியதுதான். கிளம்பும் வாரத்தில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.