டர்பன்ல இருந்து ரெண்டு ராத்திரி: பெர்க்கா, செயின்ட் லூசியாவா?

தென்னாப்பிரிக்கால டர்பனுக்கு வேலைக்கு வர்ற நம்ம ஆளுங்க ஒவ்வொரு லாங் வீக்கெண்டுக்கும் கேக்குற கேள்வி இது தான், பெர்க்குக்கு, அதாவது டிராகன்ஸ்பெர்க் மலைக்குப் போகவா இல்ல வடக்க கடலோரத்துல இருக்கற செயின்ட் லூசியா ஊருக்குப் போகவான்னு. நான் இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு, ரெண்டு பக்கமும் நாலஞ்சு தடவை போயாச்சு, ஒரு தடவை ஊர்ல இருந்து வந்த அம்மாவையும் எட்டு வயசு பையனையும் வச்சுக்கிட்டு ஒரே மாசத்துல ரெண்டுக்கும் போனோம், அப்ப தான் எது யாருக்குன்னு எனக்கே தெளிவாச்சு.

தூரத்தை வச்சு முடிவு பண்ண முடியாது. செயின்ட் லூசியாவும் சரி, டிராகன்ஸ்பெர்க்ல ஷாம்பெயின் வேலி பக்கமும் சரி, ரெண்டுமே கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர், மூணு மணி நேரம். ஆனா ரோடு ஒண்ணு இல்ல. செயின்ட் லூசியாவுக்கு என்-2 ஹைவே, டோங்காட் தாண்டி ஸ்டேங்கர் வரைக்கும் ரெண்டு பக்கமும் கரும்பு. 1860ல ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏத்திக்கிட்டு மெட்ராஸ்ல இருந்து வந்த நாள்ல இருந்து நம்ம சனங்க வெட்டின கரும்பு அது. எங்க பக்கத்து வீட்டு ஆயாவோட தாத்தா டோங்காட் தோட்டத்துல தான் இருந்தாராம், அந்தக் கதையைக் கேட்ட பிறகு நான் அந்த ரோட்டுல சும்மா ஸ்பீடா போறதே இல்ல. மூணு டோல் வரும், ரோடு நல்லா இருக்கும், தூக்கம் வர்ற அளவுக்கு நேரா இருக்கும்.

பெர்க்குக்கு என்-3. ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) போற லாரி மொத்தமும் அதுல தான், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல ரோடு அகலப்படுத்துற வேலை வேற, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பினா அவ்ளோ தான், பாதி ராத்திரி வண்டியிலயே போயிடும். சனிக்கிழமை விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்புங்க. ஒரு விஷயத்துல இந்த ரோடு ஜெயிக்குது. வழியிலயே பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன், 1893 ஜூன் 7 ராத்திரி காந்தியை ரயில்ல இருந்து தள்ளிவிட்ட அதே ஸ்டேஷன். அம்மா அந்த பிளாட்பாரத்துல நின்னு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் ஹோவிக்ல 95 மீட்டர் அருவி, அங்கிருந்து கொஞ்ச தூரத்துல 1962 ஆகஸ்ட் 5 அன்னிக்கு மண்டேலாவைப் பிடிச்ச இடம். 50 இரும்புத் தூண் நட்டு வச்சிருக்காங்க, பக்கத்துல போனா வெறும் கம்பி, ஒரு குறிப்பிட்ட இடத்துல நின்னு பார்த்தா மண்டேலா முகம். பையன் முன்னாடி பின்னாடி பத்து தடவை ஓடி ஓடிப் பார்த்தான். இதுக்காகத் தனியா மிட்லேண்ட்ஸ்ல, அதான் இந்த ஹோவிக் பக்கத்துல, ரூம் போட வேண்டாம், போற வழியிலயே முடிச்சுடலாம்.

இப்ப செயின்ட் லூசியா. ஊரைச் சுத்தி ஐசிமங்கலிசோ பார்க், 1999ல உலக பாரம்பரிய இடமாச்சு, ஜூலு மொழியில அந்தப் பேருக்கு அதிசயம்னு அர்த்தம். இங்க உடம்புக்கு ஒரு வேலையும் இல்ல, முழங்கால் வலி இருக்கற அம்மாவுக்கு இத விட நல்ல இடம் கிடையாது. ரெண்டு மணி நேர போட்ல உக்கார வச்சா போதும், நீர்யானை கூட்டம் கூட்டமா கிடக்கும், கரையில முதலை வாயைப் பொளந்துகிட்டு இருக்கும். "நம்ம ஊர் குளத்துல எருமை கிடக்கற மாதிரியே கிடக்கு பாரு"ன்னு அம்மா சொல்லி சொல்லி சிரிச்சாங்க. ராத்திரி அதே நீர்யானை டவுன் தெருவுக்குள்ள புல் மேய வரும், நிஜமாவே வரும், அதனால இருட்டின பிறகு ரெஸ்டாரண்ட் பக்கத்துல தானே இருக்குன்னு நடந்து போகாதீங்க, வண்டியில போங்க. மறுநாள் கேப் விடால் பீச், காட்டுக்குள்ளயே வண்டி ஓட்டிட்டு போறது தான் பாதி சந்தோஷம், வழியில வரிக்குதிரை எல்லாம் நிக்கும். குளிக்கணும்னா அங்க குளிங்க, முகத்துவாரத்துப் பக்கம் தண்ணியில இறங்கவே கூடாது, முதலையும் சுறாவும் இருக்கு. இன்னொரு நாள் இருந்தா ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி ஒரு மணி நேரம் தான், 1895ல ஆரம்பிச்ச காடு, அழிஞ்சே போயிருக்க வேண்டிய வெள்ளைக் காண்டாமிருகத்தைக் காப்பாத்தினது அங்க தான். சொந்த வண்டியிலயே சுத்தலாம்.

பெர்க் அப்படி உக்காந்து பார்க்குற இடம் இல்ல, நடக்கணும். நடக்க முடிஞ்சவங்களுக்கு நான் கண்ணை மூடிட்டு பெர்க் தான் சொல்லுவேன். ஜூலுல உகஹ்லாம்பா, ஈட்டிகளை நட்டு வச்ச வேலின்னு அர்த்தம், கேத்தட்ரல் பீக் பக்கம் காலையில நின்னு பார்த்தா வேற பேரே வைக்க முடியாதுன்னு தோணும். ஜயன்ட்ஸ் காஸில் குகையில இங்கத்த ஆதிகுடி வேட்டைக்காரங்களான சான் மக்கள் வரைஞ்ச ஓவியம் இருக்கு, கைடு கூட்டிட்டுப் போய் காட்டுவார், ஈலண்ட் மான் ஒவ்வொண்ணும் காலு மடங்குறது வரைக்கும் தெரியும். விழுப்புரம் பக்கம் கீழ்வாலை பாறை ஓவியம் பார்த்தவங்களுக்கு அந்த சிவப்பு பார்த்த உடனே புரியும். அம்மாவால குகை வரைக்கும் வர முடியல, கேம்ப்லயே உக்காந்து மலையைப் பார்த்துட்டு இருந்தாங்க, எனக்கு அது இன்னும் மனசுல உறுத்துது.

சீசன் ரொம்ப முக்கியம், நாங்க முதல் தடவை டிசம்பர்ல பெர்க் போய் தினமும் மத்தியானம் இடி, ஆலங்கட்டி மழைன்னு ரூம்லயே கிடந்தோம். இங்க டிசம்பர் பக்கம் தான் வெயில் காலம், அப்ப போனா விடியக்காலை நடந்துட்டு மதியத்துக்குள்ள இறங்கிடுங்க, மின்னல் விளையாட்டு இல்ல. ஏப்ரல் கடைசியும் மே மாசமும் தான் பெர்க்குக்கு சரியான நேரம், வானம் துடைச்ச மாதிரி இருக்கும், ஜூன் ஜூலைல ராத்திரி ஜீரோவுக்குக் கீழ போகும், கம்பளி இல்லாம போகாதீங்க. செயின்ட் லூசியாவுக்கும் குளிர்காலம் தான் நல்லது, புழுக்கமும் கொசுவும் கம்மி, ஜூன்ல இருந்து திமிங்கலம் வரும். ஆனா கடலாமை முட்டை போடறதைப் பார்க்கணும்னா நவம்பர், டிசம்பர் தான். மலேரியா ரிஸ்க் கம்மி, இருந்தாலும் கைக்குழந்தை இருந்தாலோ யாராவது மாசமா இருந்தாலோ டாக்டரைக் கேட்டுட்டு கிளம்புங்க. ஈஸ்டர் மட்டும் ரெண்டுக்குமே வேண்டாம், ரோடு முழுக்க ஜோபர்க் வண்டி, அதுவும் இல்லாம அந்த நேரம் டர்பன் பக்கத்துல மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழா, அதை விட்டுட்டு எங்க போறது.

சாப்பாடு ரெண்டு இடத்துலயும் சைவத்துக்கு கஷ்டம், சிப்ஸும் சீஸ் சாண்ட்விச்சும் தான் கிடைக்கும். நாமளே சமைச்சுக்கற வசதி இருக்கற ஷாலே (தனி குடில்) எடுத்து, புளியோதரையும் தயிர் சாதமும் கூலர்ல கொண்டு போயிடுங்க. ஜன்னலை மட்டும் சாத்தி வைங்க, செயின்ட் லூசியால குரங்கு, பெர்க்ல பபூன், எங்க புளியோதரை ஒரு தடவை அப்படித் தான் போச்சு. பெட்ரோலை டர்பன்லயே ஃபுல் பண்ணிக்கோங்க, கடற்கரையை விட்டு உள்ள போனா விலை ஜாஸ்தி.

ஒரே ராத்திரி தான் இருக்குன்னா இந்த ரெண்டையும் விட்டுட்டு சவுத் கோஸ்ட் போங்க, ஸ்காட்பர்க் ஒரு மணி நேரத்துக்குள்ள, ஒரிபி கோர்ஜ் கூட ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துடும். ஆறு மணி நேரத்தை வண்டியில போட்டு ஒரு ராத்திரிக்காக பெர்க் போறது பாவம்.

அம்மா மறுபடியும் மே மாசம் வர்றாங்க. ரெண்டு ராத்திரி செயின்ட் லூசியால போட்டாச்சு, போன தடவை கேப் விடால் போற வழியில மழைன்னு திரும்பிட்டோம், அது பாக்கி இருக்கு. அதுக்கு அடுத்த வாரம் பெர்க், படி ஏற வேண்டாத ஷாலே, வராண்டாவுல சேர் போட்டா மலை நேரா தெரியற மாதிரி பார்த்து புக் பண்ணியிருக்கேன்.