குடும்பப் படம்: ஸ்டுடியோவிலா, வீட்டிலா?

தாத்தா, பாட்டி, பேரன் பேத்தி என்று மூன்று தலைமுறையும் சேர்ந்து ஒரு படம் எடுக்க நினைத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான்: ஸ்டுடியோவுக்குப் போவதா, போட்டோகிராபரை வீட்டுக்கு அழைப்பதா?

ஸ்டுடியோவில் வெளிச்சம் அவர்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். மழை, வெயில் கவலை இல்லை. வேலையும் சீக்கிரம் முடியும். நான்கைந்து பேர் என்றால் இதுவே போதும். பத்துப் பேர் என்றால் இடம் நெருக்கும். மாடியில் இருந்தால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சிரமம்.

என் ஓட்டு வீட்டுக்குத்தான். பாட்டி தன் திண்ணையில் உட்கார்ந்தால் அந்த முகமே வேறு. குழந்தை அழுதால் பால் கொடுத்துவிட்டு அப்புறம் எடுக்கலாம். ஆனால் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் குறிக்க வேண்டும். காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். பின்னணியை மங்கலாக்கும் ஆசையில் லென்ஸை எஃப் 1.8-ல், அதாவது துவாரத்தை அகலமாகத் திறந்து எடுத்தால் பின்வரிசை முகங்கள் தெளிவிழந்துவிடும். இரண்டு வரிசைக்கு, துவாரம் சிறிதாகும் எஃப் 8 நல்லது. அதனால் போட்டோகிராபரிடம் கல்யாண ஆல்பத்தை விட, பெரிய குடும்பங்களை எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கே எடுத்தாலும் சரி, முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்: எத்தனை படம் திருத்தித் தருவார், முழு அளவுக் கோப்பு கிடைக்குமா? வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு மாட்ட, 3600-க்கு 5400 பிக்சல் இருந்தால் அருமையாக இருக்கும்.